மோல்டாவைப் பற்றி நீங்கள் கேட்டவை

சென்ற இதழில் இந்தப் பகுதியின் கடைசியில், மகளின் குடும்பத்தோடு மோல்டாவுக்குப் போய் வந்ததைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். மகளும் மருமகனும் ஜேர்மனியில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் ஓகஸ்ட் விடுமுறைக்கு என்னையும் கணவரையும் கூப்பிட்டார்கள். எல்லோருமாக அந்தத் தீவுக்குப் போனோம். இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தள்ளி, மத்தியதரைக் கடலின் நடுவில் கிடக்கும் நாடு அது. அதைப் படித்துவிட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுவதும் அவற்றுக்குத்தான். நான் புவியியல் படிப்பித்தவள். தண்ணீர், கல், உப்பு என்று கேட்டவர்களுக்குப் பதில் கொஞ்சம் நீளமாகவே வரும்.

கேள்வி: மகன் பிரான்சில், மகள் லண்டனில். எங்களைக் கூப்பிட்டால் அங்கிருந்தே மோல்டாவுக்கும் போய் வரலாமா? தனி விசா வேண்டுமா?
— தாய் ஒருவர், பரந்தன்

இதைத்தான் கூடுதலான பேர் கேட்டிருக்கிறீர்கள். மோல்டா 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 முடிவில், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் வலயத்துக்குள் வந்தது. 2008 இலிருந்து அங்கே யூரோதான் காசு. ஆகவே மகனைப் பார்க்கப் பிரான்சுக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவே மோல்டாவுக்கும் போதும். எந்த நாட்டில் கூடுதல் நாள் நிற்கப் போகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பியுங்கள். மோல்டாவுக்கும் போவதாக இருந்தால் அதையும் பயணத் திட்டத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

லண்டன் கதை வேறு. பிரித்தானியா ஷெங்கனுக்குள் இல்லை. மகளிடம் போக எடுத்த பிரித்தானிய விசாவோடு மோல்டாவில் இறங்க முடியாது. அங்கே போன பிறகு ஷெங்கனுக்கு ஓடித்திரிவதைவிட, கொழும்பிலேயே இரண்டையும் எடுத்துக்கொண்டு புறப்படுவது நல்லது. ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வன்னியிலிருந்து கொழும்புக்கு ஏறி இறங்கும் செலவையும் யோசித்து, எல்லாப் பத்திரத்தையும் ஒரே தடவையில் சரிபார்த்துக் கொண்டு போங்கள்.

கேள்வி: அந்த நாடு கிளிநொச்சி மாவட்டத்தின் காற்பங்குதானாம். மூன்று நாள் போதும் என்கிறார் பயண முகவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், கனகராயன்குளம்

கணக்குச் சரி. மோல்டா மொத்தமே 316 சதுர கிலோமீற்றர். கிளிநொச்சி மாவட்டம் 1,279. ஆனால் மூன்று நாள் போதாது. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் ஒரு கிழமையாவது வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை மோல்டாவின் இன்னொரு தீவான கோசோவுக்குக் கொடுங்கள். முகவர்கள் கோசோவை ஒரு நாளில் ஓட்டி முடித்துவிடுவார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம்.

தலைநகர் வலெட்டாவைப் பார்க்காமல் விட முடியாது. 1565 இல் ஒட்டோமன் படை தீவை முற்றுகையிட்டுத் தோற்றுப் போன பிறகு, அடுத்த ஆண்டே, அப்போது தீவை ஆண்ட புனித யோவான் வீரர்கள் புதிதாக அடிக்கல் வைத்துக் கட்டிய நகரம் அது. தெருக்கள் கயிறு பிடித்தாற்போல் நேர். இரண்டு பக்கமும் கடலை நோக்கி இறங்குகின்றன. யோவான் பேராலயத்தின் தரை முழுவதும் வீரர்களின் கல்லறைப் பலகைகள், பல நிறச் சலவைக்கல்லில் செதுக்கியவை. கரவாஜியோ 1608 இல் வரைந்த ‘யோவானின் தலை வெட்டப்படுதல்’ ஓவியம் அங்கேதான் இருக்கிறது. மகள் அதன் முன்னால் நின்றுவிட்டு நகர மறுத்தாள்.

கோசோவுக்கு, சிர்கேவாத் துறையிலிருந்து வாகனம் ஏற்றும் கப்பலில் 25 நிமிடம் போல. போகும்போது காசு வாங்குவதில்லை, திரும்பும்போதுதான் வாங்குகிறார்கள். அங்கே ஜிகன்டியா என்ற கற்கோயில் ஏறத்தாழ 5,600 ஆண்டுப் பழையது, எகிப்தின் பிரமிட்டுகளுக்கும் முந்தியது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மார்சல்ஃபோர்னுக்குப் பக்கத்தில் ஷ்வெய்னிக் கரையில் இருக்கும் உப்பளம். கரைப்பாறையையே சதுரம் சதுரமாக வெட்டிப் பாத்தி ஆக்கியிருக்கிறார்கள், 350 ஆண்டு அளவில் பழையவை. கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் வற்றவைத்து, வெள்ளையாகப் படிந்ததைத் தும்புத்தடியால் கூட்டிக் குவிக்கிறார்கள். அங்கே ஒரு முதிய பெண், குவித்த உப்பில் ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார். கல்லுக் கல்லாக, இன்னும் ஈரம் விடாத உப்பு. ஆனையிறவு வெளியில் பரந்து கிடக்கும் பாத்திகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வேலையை யாரும் விளக்கத் தேவையில்லை. நம்முடையது களிமண் தரை, அவர்களுடையது கல். கல்லில் வெட்டினால் தலைமுறை தலைமுறையாகப் பாத்தி மாறாது. பேரன் அதன் வரம்பில் நடந்து நடந்து நேரம் போக்கினான். முகவரின் மூன்று நாள் திட்டத்தில் இப்படி நின்று பார்க்க எங்கே இடம்?

கேள்வி: மோல்டாவில் ஆறே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். குளமும் இல்லையா? அப்படியானால் என்ன தண்ணீரைக் குடிக்கிறார்கள்? எங்கள் ஊரில் கிணறெல்லாம் உவராகிக்கொண்டு வருகிறது. அதனால்தான் கேட்கிறேன்.
— விவசாயி, பூநகரி

ஐயா, உங்கள் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றுமில்லை. மழை ஆண்டுக்கு 550 மில்லிமீற்றர் போல. வன்னியில் விழுவதில் பாதியும் இல்லை. அதுவும் பெரும்பாலும் ஒக்ரோபரிலிருந்து பெப்ரவரி வரைக்கும்தான், நம்முடைய காலபோக மழை மாதிரி. கோடையில் ஒரு துளி கிடையாது. நாங்கள் போன ஓகஸ்டில் புல்லெல்லாம் வைக்கோல் நிறம். வேலிகளில் நாகதாளி மட்டும் பச்சையாகக் காய்த்து நின்றது.

இனி நிலத்தடியைப் பாருங்கள். அங்கேயும் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லுக்குள் இறங்கிக் கீழே இருக்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைவு, உப்புநீர் பாரம் கூட, அதனால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடிக்கு நன்னீர் நின்றால் கீழே 40 அடி போல நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடி இறைத்து இறக்கிவிட்டால் கீழே 40 அடி உப்பு ஏறிவரும். யாழ்ப்பாணத்துக்கும் இதே கதை. கரையோரத்து உங்கள் கிணறுகளுக்கும் இதே ஆபத்துத்தான். மோல்டாவிலும் குழாய்க் கிணறு போட்டு அளவுக்கு மீறி இறைத்து நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டார்கள். இப்போது குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல், கடல்நீரை அழுத்தத்தோடு மென்சவ்வில் செலுத்தி உப்பு நீக்கியது. அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும், அது சும்மா வருவதில்லை.

ஆனால் அதற்கு முந்திய காலத்தில் அவர்கள் செய்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வலெட்டாவைக் கட்டும்போதே வீட்டுக்கு வீடு நிலத்தின் கீழ் மழைநீர்த் தொட்டி வேண்டும் என்று விதி வைத்தார்கள். கூரை தட்டை. அதில் விழும் மழை பீலி வழியே சுவருக்குள் இறங்கித் தொட்டிக்குப் போகும். வீடு கட்டக் கல் எடுத்த பள்ளமே தொட்டியாகிவிடும். நாங்கள் தங்கிய வீடு பழைய கட்டடம். முற்றத்து மூலையில் அதன் வாய் இருந்தது, ஒரே கல்லில் குடைந்த வட்டக் கட்டு. உட்புற விளிம்பில் விரல் புதையும் ஆழத்துக்கு நாலைந்து தடம். வாளிக் கயிறு உரசி உரசி ஏற்பட்டவை. கல் தேயுமளவுக்கு எத்தனை பெண்கள் அங்கே நின்று இறைத்திருப்பார்கள்! இப்போது மூடி போட்டுப் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். இருக்கிறது, பூமரத்துக்கும் தரை கழுவவும் அதைத்தான் எடுக்கிறோம் என்றார்.

வலெட்டாவில் ஊற்று இல்லாததால், றபாத் பக்கத்து மேட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1610 இல் தொடங்கி 1615 இல் முடித்த வேலை அது. நிலம் தாழும் இடங்களில் வளைவுத் தூண்களின்மேல் வருகிறது. பஸ்ஸில் போகும்போது அந்த வளைவுகளை இன்றும் பார்க்கலாம். 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாட்விக் என்ற பொறியியலாளர் ஒரு பள்ளத்தாக்கில் சின்னச் சின்ன அணைகளைக் கட்டுவித்தார். அதற்கு அவர்கள் ‘சாட்விக் ஏரிகள்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் நிறையும். நம் ஊரில் அதைக் குளம் என்றுகூடச் சொல்லமாட்டோம். அவர்களுக்கு அது ஊர் திரண்டு பார்க்கப் போகும் இடம்.

இரணைமடு வான் பாயும்போது கடலுக்குப் போகிற தண்ணீரை நினைத்துக்கொண்டே நான் அங்கே திரிந்தேன். பூநகரியில் வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் கூரைக்குப் பீலி போட்டு ஒரு தொட்டி கட்ட வேண்டும் ஐயா. ஓட்டுக் கூரையாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் மழையை வெளியே விட்டு, இரண்டாம் மழையிலிருந்து சேர்க்கலாம்.

கேள்வி: அங்கே போர்க்காலப் பங்கர்களைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். என் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பங்கர் என்ற சொல்லே நெஞ்சை அடைக்கிறது. போகத்தான் வேண்டுமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

வேண்டாம் தங்கச்சி. உங்களுக்குப் போகத் தேவையில்லை. பிள்ளைகள் போய் வரட்டும்.

1940 ஜூனிலிருந்து மோல்டாவில் முதலில் இத்தாலியும் பிறகு ஜேர்மனியும் குண்டு போட்டன. 1942 இல் உலகிலேயே மிக மோசமாகக் குண்டு விழுந்த இடங்களில் அதுவும் ஒன்று. சனம் பாறைக்குள் குடைந்து இறங்கியது. வலெட்டாவுக்கு எதிர்க்கரையில் பிர்கு என்ற ஊரில் அப்படியொரு சுரங்கத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான் இறங்கினேன். என் கணவர் வாசல்வரைக்கும் வந்தவர், திரும்பிப் போய் வெளியே வாங்கில் இருந்துவிட்டார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

உள்ளே நீளமான ஒடுங்கிய வழி. சுவர் முழுவதும் பிக்காசு கொத்திய அடையாளம். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், பேறு பார்ப்பதற்கென்றே ஓர் அறை. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மம்மா, உங்கட பங்கருக்கும் கதவு இருந்ததா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். மண்ணில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை போட்டது. மாரியில் தண்ணீர் நின்றது. அதற்குள்தான் உன் அம்மா கணக்குப் பாடம் செய்தாள் என்று சொன்னேன். என் மகள் எங்களுக்குப் பின்னால் நின்றாள். அவள் அதைத் தன் பிள்ளைகளுக்கு அதுவரை சொன்னதில்லை. அன்று இரவு அவளாகவே அவர்களுக்குச் சொன்னாள்.

அந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இடிந்ததை மறைப்பதில்லை. வலெட்டா நுழைவாயிலுக்குப் பக்கத்தில் 1942 ஏப்ரல் 7 ஆம் திகதி குண்டு விழுந்து சிதைந்த இசை நாடக அரங்கு இருக்கிறது. உடைந்த தூண்களை அப்படியே விட்டு, அவற்றின் நடுவே திறந்தவெளி அரங்கு அமைத்து 2013 இல் திறந்தார்கள். இப்போது உடைந்த தூண்களுக்கு நடுவில் பாட்டுக் கச்சேரி நடக்கிறது. தீவு முழுவதற்குமாக 1942 ஏப்ரல் 15 ஆம் திகதி பிரித்தானிய அரசர் கொடுத்த ஜோர்ஜ் சிலுவை என்ற வீரப் பதக்கம்தான் இன்றும் அவர்களுடைய கொடியின் மூலையில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து, எந்தத் தெருவில் யார் வீடு விழுந்தது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்ல வேண்டும். சொல்ல முடிகிறவர்கள் சொல்லட்டும். நீங்கள் மேலே வாங்கில் இருந்து கடலைப் பாருங்கள்.

கேள்வி: அங்கே மாதா கோயில்கள் பல இருக்கின்றனவாமே. மடுத் திருவிழாவை விட்டுவிட்டு ஓகஸ்டில் போக மனம் வரவில்லை.
— வாசகி, பெரியமடு

அதே ஓகஸ்ட் 15 தான் அங்கேயும் பெரிய திருநாள், சாந்தா மரியா என்பார்கள். நாங்கள் அன்று மொஸ்டாவில் நின்றோம். அந்த ஊர்ப் பேராலயமே விண்ணேற்பு மாதாவுக்கு உரியது. பெரிய வட்டக் கோபுரம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி வழிபாட்டுக்குச் சனம் கூடியிருந்த நேரம் குண்டு ஒன்று கோபுரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்து, வெடிக்காமல் தரையில் உருண்டது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதேபோன்ற குண்டு ஒன்றைப் பின்னறையில் வைத்திருக்கிறார்கள். அந்த வருடம் உணவும் எண்ணெயும் முடிந்து தீவு கைவிடப்படும் நிலைக்கு வந்தபோது, 14 சரக்குக் கப்பல்கள் புறப்பட்டு 5 மட்டும் வந்து சேர்ந்தன. எண்ணெய் ஏற்றிய ஓகையோ கப்பல், பாதி மூழ்கிய நிலையில், இரண்டு போர்க்கப்பல்களின் நடுவில் கட்டப்பட்டுத் துறைமுகத்துக்குள் வந்தது ஓகஸ்ட் 15 அன்று. அதனால் அந்த மக்கள் அதை மாதா கொண்டுவந்த கப்பல் என்றே நம்புகிறார்கள்.

கோசோவில் தா பினு என்ற யாத்திரைத் தலத்துக்குக் கட்டாயம் போங்கள். வெளியில் தனியே நிற்கும் கோயில். 1883 இல் கர்மேலா கிறீமா என்ற விவசாயப் பெண் அங்கே மாதாவின் குரலைக் கேட்டதாக வரலாறு. பக்க அறைகளில் சுவர் தெரியாதபடி நேர்த்திப் பொருட்கள்: குழந்தைச் சட்டைகள், முறிந்த கைக்குப் போட்ட மாவுக்கட்டு, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம், நன்றிக் கடிதங்கள். மடுவுக்கு நடந்து போகிறவர்களுக்கு அந்த அறையில் எல்லாம் விளங்கும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்புத்தான் உள்ளே விடுவார்கள். மடுவை விட மனமில்லை என்றால் பரவாயில்லை, செப்டெம்பரில் போங்கள். வெயிலும் அப்போது குறையும்.

கேள்வி: மாமி மச்சம் சாப்பிட மாட்டா. என்ன கிடைக்கும்?
— மருமகள், வவுனியா

பட்டினி கிடக்க மாட்டா. பஸ்திட்ஸி என்று தெருவோரக் கடைகளில் சுடச்சுட விற்கும் பலகாரம், மெல்லிய மடிப்பு மாவுக்குள் பட்டாணி அரைத்து வைத்தது ஒன்று, ரிக்கொட்டாப் பாற்கட்டி வைத்தது ஒன்று. மலிவு. ஆனால் மாவைச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் பிசைவதுண்டு, கேட்டு வாங்குங்கள். அநேகமாக எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், அது அங்கே அரச மொழி. தக்காளி தேய்த்து ஒலிவ் எண்ணெய் விட்ட பாண் நல்லது. அதற்குள் ரின் மீன் வைப்பார்கள், வேண்டாம் என்று முதலே சொல்ல வேண்டும். அவித்து மசித்த அவரை விதைக் கூட்டு ஒன்றுக்கு பிகில்லா என்று பேர், உள்ளியும் மிளகாயும் சேர்ந்தது, எங்கள் வாய்க்குப் பிடிக்கும். தங்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் அரிசி, பருப்பு வாங்கிச் சமைக்கலாம். மிளகாய்த் தூளைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கடலுக்குள் பெரிய கல் வளைவு நிற்கும் படத்தைப் பார்த்தேன். எப்படிப் போவது?
— மாணவி, மாங்குளம்

அது இப்போது இல்லை. 2017 மார்ச் 8 ஆம் திகதி புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. விளம்பரங்களில் இன்னும் பழைய படத்தைப் போடுகிறார்கள். கொமினோ என்ற சின்னத் தீவில் உள்ள நீலக் கடலேரியும் படத்தில் பார்க்கும் அளவுக்கு ஆறுதலான இடமில்லை. சனநெரிசல் தாங்காமல் 2025 இலிருந்து முன்பதிவு வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மெல்லியேஹாவின் கதீராக் கரை நல்லது. மணல் கரை, நெடுந்தூரம் முழங்காலளவு தண்ணீர்.

கேள்வி: எங்கட வயலுக்கு யானை வரும். அப்பா பரணில் காவல் இருப்பார். அந்தத் தீவில் யானை இருக்கா?
— தரம் 5 மாணவன், ஒட்டுசுட்டான்

இருந்தது ராசா, ஆனால் இப்போது இல்லை. அங்கே ஆர் தாலாம் என்று ஒரு குகை இருக்கிறது. அதன் தரையைத் தோண்டியபோது ஏராளமான யானை எலும்பும் நீர்யானை எலும்பும் கிடைத்தன. அந்த யானைகளில் ஓர் இனம் வளர்ந்த பிறகும் ஒரு மீற்றர் உயரம்தான், அதாவது உன் உயரம் வராது. முன்னொரு காலத்தில் கடல் வற்றியிருந்தபோது சிசிலிப் பக்கமிருந்து நடந்து வந்த யானைகள் அவை. பிறகு கடல் ஏறியது, திரும்பிப் போக வழியில்லை. சின்னத் தீவில் தீனி குறைவு, பயப்பட வேறு பெரிய மிருகமும் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை உடம்பு சிறுத்துக்கொண்டே போனது. குகையில் மண்ணை அடுக்கடுக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். அடியில் நீர்யானையும் யானையும், அதற்கு மேல் மான், எல்லாவற்றுக்கும் மேலே மனிதர் வந்த அடையாளம். அப்பா கிணறு வெட்டியிருந்தால், எத்தனை அடிக்கு எந்த நிற மண் வந்தது என்று கேட்டு, அதைப் படமாக வரைந்து எனக்கு அனுப்பு. அடுத்த இதழில் போடுகிறேன்.